இடக்கை வில்லுக்கு ஒரு தாங்கி

எனக்கு ஒரு கண்தான். வலது கண் ஊரில் போனது. எப்படிப் போனது என்பது வேறு கதை, இங்கே வேண்டாம். இடது கண் நல்ல கண். அதை வைத்துக்கொண்டுதான் மொன்றியலில் இத்தனை வருடம் வேலை செய்து சாப்பிட்டேன்.

ஒரு கண் உள்ளவன் எதையும் இரண்டு தரம் பார்ப்பான். கதவைத் திறக்க முதல், அங்கால் யார் நிற்கிறது என்று யோசிப்பான். சனம் இதைச் சந்தேகப் புத்தி என்று சொல்லும். சொல்லட்டும். என்னுடைய வேலையும் அப்படித்தான். டோர்வலில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற குசினியில் நின்றேன். உள்ளே வருகிற பெட்டி எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள். நாங்கள் கொண்டுபோகிற சோற்றுப் பெட்டியையும் திறப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. நானாக இருந்தாலும் திறந்திருப்பேன்.

அப்படிப்பட்டவனுக்கு மச்சான் ஒரு வில்லுக் கொண்டு வந்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தமையன். அஹுன்ட்சிக்கில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தான். பனி கரைகிற காலம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட இருந்தோம். கம்பளியில் சுற்றின நீளச் சாமான் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டான்.

"என்ன உது?"

"வில்லு."

"ஆருக்கு?"

"உனக்குத்தான் மச்சான். எத்தினை நாளைக்கு நான் தனியப் போறது?"

இங்கே வசந்தத்தில் ஆறு பெருகும். கரையோரப் புல்வெளி எல்லாம் தண்ணீர் ஏறும். முட்டை போடுவதற்காக அந்தப் புல்லுக்குள் கார்ப் மீன் வரும். எங்கள் கெண்டைக்குப் பெரிய அண்ணன் மாதிரி. முதுகு வெளியே தெரியும். அதை வில்லால் அடிப்பார்கள். அம்பில் நூல் கட்டியிருக்கும், அடித்த பிறகு நூலைப் பிடித்து இழுத்து எடுப்பது. போன வருடம் மச்சான் தன்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரனோடு போய்ப் பழகினவன். அதிலிருந்து வேறு கதை இல்லை.

வில்லை ஒரு வீட்டு கராஜ் விற்பனையில் வாங்கினதாகச் சொன்னான். சில்லுக் கில்லு இல்லாத சாதாரண வளைந்த வில்லு. பழசு. ஆனால் நல்ல பழசு.

மச்சான் போன பிறகு மனைவி கேட்டாள்.

"அண்ணை ஏன் இதைத் தந்தவர்?"

"தெரியாது."

"அவர் சும்மா ஒரு சாமானும் தரமாட்டார். பொறுத்துப் பாருங்கோ."

"பாக்கிறன்."

"கண்ணைப் பாத்துக்கொள்ளுங்கோ. இருக்கிற கண்ணும் போச்சுதெண்டால் நான் என்ன செய்யிறது?"

 

வில்லை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். இடது கையில் பிடித்தால் அம்பு வைக்கிற வெட்டு மறுபக்கம் நின்றது. வலது கைக்கு மாற்றினேன். சரியாக வந்தது. அது இடக்கை வில்லு. வலது கையால் பிடித்து இடது கையால் இழுக்கிறது.

நான் எல்லா வேலையும் வலது கையால் செய்கிறவன். ஆனால் பார்க்கிறது இடது கண். இடது கையால் இழுத்தால்தான் நாண் நல்ல கண்ணுக்கு நேரே வரும். ஆக அது எனக்கென்றே செய்த வில்லு மாதிரி. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. மச்சான் என் கண்ணை நினைத்துத் தேடி வாங்கினானா? அல்லது தனக்கென்று பார்க்காமல் வாங்கி, வீட்டில் வந்து இழுத்துப் பார்த்து, மடையனாகி, என் தலையில் கட்டினானா?

அடுத்த நாள் கேட்டேன்.

"இடக்கை வில்லெண்டு தெரிஞ்சோ வாங்கினனீ?"

"தெரியாமல்? உனக்கெண்டு தேடித் திரிஞ்செல்லோ எடுத்தனான்."

கேட்டு முடிக்க முதல் பதில் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வில்லில் ஒரு குறை இருந்தது. அம்பு படுக்கிற தாங்கி இல்லை. ரெஸ்ற் என்பார்கள். பூட்டுகிற ஓட்டை மட்டும் இருந்தது. யாரோ கழற்றி எடுத்திருக்கிறான். தாங்கியைக் கழற்றிவிட்டு வில்லை விற்கிறவன் ஏன் கழற்றினான் என்றும் யோசித்தேன். மச்சான் சிரித்தான்.

"அவன் தன்ரை வேறை வில்லுக்குப் போட்டிருப்பான். எல்லாத்துக்கும் ஒரு களவு தேடாதை."

லவாலில் ஒரு கடை இருந்தது. லவாலுக்கு மெட்ரோ வந்த புதிது. மச்சானின் கார் திருத்தக் கொடுத்திருந்தபடியால் மெட்ரோவில் போனோம். வில்லைப் படுக்கை விரிப்பால் சுற்றி முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பெண் விரிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழும்பி அங்கால் போய் இருந்தாள்.

"வில்லுக்குப் பயந்திட்டாள்" என்றேன்.

"வில்லுத்தான் மூடிக் கிடக்கே. உன்ரை முழியைப் பாத்துத்தான் எழும்பினவள்" என்றான் மச்சான்.

மெட்ரோவால் இறங்கி ஒரு பஸ் எடுத்துக் கடைக்குப் போனோம். கடைக்காரன் தாடி வைத்த பெரிய ஆள். பிரெஞ்சு மட்டும். எனக்குப் பிரெஞ்சில் குசினிச் சொல்லுத்தான் தெரியும். உப்பு, கத்தி, கெதியாய், கழுவு. மச்சான் எனக்காகக் கதைத்தான்.

கடைக்காரன் மூன்று தாங்கியை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தான். ஒன்று இரண்டு கம்பி, கவட்டுத் தடி மாதிரி. மீன் அம்பு கனமானது. அந்தக் கம்பி ஒரு வருடம் தாங்காது என்று பார்த்தவுடன் தெரிந்தது. இரண்டாவது, இரண்டு சின்ன உருளை. நடுவில் அம்பு படுக்கும், மேல் பக்கம் திறந்திருக்கும். மூன்றாவது ஒரு வளையம். உள்ளே சுற்றிவரத் தூரிகை மயிர். நடுவில் ஓட்டை. அதற்குள் அம்பைச் செருகினால் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது.

கடைக்காரன் உருளையை எங்கள் பக்கம் தள்ளினான். அது வளையத்தைவிட விலை குறைவு.

"ஏன் குறைஞ்சதைக் காட்டுறான்?" என்று கேட்டேன்.

"நல்லதெண்டுதான்."

"விலை கூடினதை விக்காமல் குறைஞ்சதை விக்கிற கடைக்காரன் ஆர்? அது விக்காமல் கிடக்கிற சாமான் போலை."

"அப்ப வளையத்தை எடு. எனக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. விழாது."

வளையத்தை எடுத்தேன். அம்பும் இரண்டு வாங்கினோம். பின்பக்கம் இறகில்லாத கெட்டி அம்பு, முனையில் கொழுக்கி. அம்பின் உடம்பில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் வளையம் முன்னும் பின்னும் ஓடியது. வால் பக்கம் ஒரு ஆணி, அந்தப் பிளாஸ்ரிக் கழன்று போகாமல். நூல் வைத்த போத்தல் ஒன்றை வில்லின் முன்பக்கம் பூட்டித் தந்தான். மீன் பிடிக்கிற லைசென்ஸும் எடுத்தேன். மச்சான் தேவையில்லை என்றான். அவன் தேவையில்லை என்றபடியால்தான் எடுத்தேன்.

பிறகு கடைக்காரன் கதைக்கத் தொடங்கினான். வில்லைக் கையில் எடுத்தான். அம்பை வளையத்துக்குள் விட்டான். அந்தச் சின்னப் பிளாஸ்ரிக்கை முன்னால் தள்ளிக் காட்டினான். நாணைத் தொட்டான், தலையை இல்லை என்று ஆட்டினான். பேந்து தன் விரலைக் கொண்டுபோய்க் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான். திரும்பவும் முதலில் இருந்து சொன்னான்.

"வுய், வுய்" என்றான் மச்சான். ஓம், ஓம் என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ன சொன்னவன்?"

"எல்லாம் சரியாம். கவனமாப் பாவிக்கட்டாம்."

"அவ்வளவு நேரம் கதைச்சவன், இவ்வளவுதானோ சொன்னவன்?"

"பிரெஞ்சுக்காரர் அப்பிடித்தான். ஒரு சொல்லைப் பத்துச் சொல்லாச் சொல்லுவாங்கள்."

"கண்ணைக் காட்டினவன்."

"அது அவன்ரை பழக்கம்."

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. விளங்காவிட்டாலும் வுய் சொல்லுவோம். விளங்கவில்லை என்றால் எதிரே நிற்கிறவன் எங்களை மடையன் என்று நினைத்துவிடுவான் என்று பயம். நானும் குசினியில் வுய் சொல்லியிருக்கிறேன். ஆனபடியால் அந்த வுய் எனக்குத் தெரியும். விளங்கினவன் ஒருதரம் சொல்லுவான். விளங்காதவன் இரண்டு தரம் சொல்லுவான்.

அந்தக் கிழமை வீட்டுக் குசினி மேசையில் வைத்துத் தாங்கியைப் பூட்டினேன். ஓட்டைக்குள் ஸ்குரூவை விட்டு இறுக்க முதல் அம்பை வைத்துப் பார்க்க வேண்டும். அம்பும் நாணும் நேர் மூலையாக நிற்க வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தான். வீட்டில் மூலைமட்டம் இல்லை. காலைச் சாப்பாட்டுப் பெட்டியின் அட்டை மூலையை வெட்டி எடுத்தேன். அதை நாணோடு சேர்த்து வைத்து அம்பு எங்கே வருகிறது என்று பார்த்தேன். வால் கொஞ்சம் இறங்கி நின்றது. ஏற்றினேன். வால் நிற்கிற இடத்துக்கு மேலே, நாணில் மனைவியின் தையல் நூலால் இறுக்கிச் சுற்றினேன். பிறகு எந்த நாளும் அம்பு அதே இடத்தில் கொழுவும்.

பேந்து பின்னால் இருந்து பார்க்கிறது. நாண், அம்பு, வில்லின் நடு மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். இதற்கு மற்றவர்கள் ஒரு கண்ணை மூடுவார்கள்.

"உனக்கு அந்த வேலை மிச்சம்" என்றான், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மச்சான்.

"ஓம்" என்றேன்.

வளையத்தை ஒரு மயிர் அளவு வெளியே எடுத்து, திரும்பப் பார்த்து, திரும்ப உள்ளே விட்டு இறுக்கினேன். நேராக வந்தது. எனக்குத் திருப்தி.

நான் அதில் குனிந்திருக்க, மச்சான் அம்பில் இருந்த பிளாஸ்ரிக்கைக் கழற்றிவிட்டான்.

"ஏன் கழட்டுறாய்?"

"லொடலொட எண்டு ஓடுது. அம்பின்ரை வாலிலை ஓட்டை இருக்கு, நூலை அதிலையே கட்டலாம். இறுக்கமா நிக்கும்."

"உன்ரை அம்பிலை எப்பிடி?"

"என்ரையை அந்த வெள்ளைக்காரன்தான் கட்டித் தந்தவன். நான் பாக்கேல்லை. ரெண்டும் ஒண்டுதான்."

கடைக்காரன் சும்மா ஒரு சாமானைப் போட்டு விற்கமாட்டான். அவன் அதைத்தான் முன்னால் தள்ளித் தள்ளிக் காட்டினவன். நான் சண்டை பிடிக்கவில்லை. பிளாஸ்ரிக்கையும் ஆணியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை போனோம். மொன்றியல் தீவைவிட்டு மேற்கே, ஆறு பரந்து வருகிற பக்கம். மச்சானுக்குத் தெரிந்த தோட்டக்காரன் ஒருவனின் காணி. அரைவாசி தண்ணீருக்குள் கிடந்தது. புல்லுக்குள் மீன் புரள்கிற சத்தம் கேட்டது, மாடு தண்ணீரில் நடக்கிற மாதிரி. பெரிய மீன்.

மச்சான் என் அம்பின் வாலில் நூலைக் கட்டினான். அம்பை வளையத்துக்குள் விட்டுக் கொழுவினான். வில்லை என்னிடம் நீட்டினான்.

"ம். இழு."

நூலைப் பார்த்தேன். முன்னால் இருக்கிற போத்தலில் இருந்து வெளிக்கிட்டு, வளையத்துக்கு வெளியால் பின்னுக்கு வந்து, நாணுக்குக் கிட்டத் தொங்கி, அம்பின் வாலில் முடிந்தது. இழுத்தால் அந்த வால் என் இடது கண்ணுக்குக் கீழே வந்து நிற்கும். அதோடு அந்த நூலும்.

வில்லைக் கீழே வைத்தேன்.

"என்ன?"

"முதல் அம்பை நான் விடமாட்டன். மரம் விடட்டும்."

"என்ன விசர்க் கதை?"

கரையில் இரண்டாகக் கவர் விட்ட மரம் ஒன்று நின்றது. வில்லைக் கவருக்குள் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். நாணில் ஒரு மெல்லிய கயிறு போட்டுப் பின்னுக்கு இழுத்து, பின்னால் நின்ற மரத்தில் கட்டினேன். கடலோரத்தில் வளர்ந்தவன். கயிறு கட்ட எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அம்பு தண்ணீரைப் பார்த்து நின்றது. என் முகம் வருகிற இடத்தில் ஒரு தடியை நட்டேன்.

"உன்ரை தொப்பியைத் தா."

"ஏன் என்ரை தொப்பி? உன்ரையைப் போடன்."

"என்ரை புதிசு."

புறுபுறுத்துக்கொண்டு தந்தான். தடியில் மாட்டினேன். இரண்டு பேரும் மரத்துக்குப் பக்கவாட்டில் ஒதுங்கினோம். கத்தியால் கயிற்றை வெட்டினேன்.

அம்பு போனது. கொஞ்சத் தூரம்தான். பிறகு வில்லே குலுங்கியது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் பார்க்கவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. தடி சரிந்து கிடந்தது. அம்பு தடிக்குப் பின்னால் புல்லில் கிடந்தது. வாலால் திரும்பி வந்திருக்கிறது. தொப்பியை எடுத்தேன். முன்பக்கத்தில், இடது பக்கம், கிழிந்து ஓட்டை.

மச்சான் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"உன்ரை கயிறுதான் சிக்கினது" என்றான். குரல் இறங்கியிருந்தது.

நாணைக் காட்டினேன். அவன் கட்டின நூல்தான் நாணில் சுற்றி இறுகிக் கிடந்தது. நான் வெட்டின கயிறு தனியே கீழே கிடந்தது.

சட்டைப் பையில் இருந்த பிளாஸ்ரிக்கை எடுத்தேன். அம்பில் போட்டு ஆணியைத் திரும்பப் பூட்டினேன். நூலை வாலில் இருந்து அவிழ்த்துப் பிளாஸ்ரிக்கில் கட்டினேன். அம்பை வளையத்துக்குள் விட்டு, பிளாஸ்ரிக்கை முன்னால் தள்ளினேன், கடைக்காரன் தள்ளின மாதிரியே. இப்போது நூல் முழுக்க வில்லுக்கு முன்னால் கிடந்தது. பின்பக்கம், நாண் பக்கம், ஒரு துண்டு நூலும் இல்லை. அம்பு போகும்போது வளையத்தைத் தாண்டின பிறகுதான் வால் வந்து பிளாஸ்ரிக்கை இழுக்கும். அவ்வளவுதான் விசயம். அதைத்தான் அந்தத் தாடிக்காரன் திருப்பித் திருப்பிச் சொன்னவன். விரலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனதும் அதற்குத்தான்.

திரும்பவும் மரத்தில் கட்டி, தொப்பியை மாட்டி, கயிற்றை வெட்டினேன். அம்பு நேரே போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. நூல் பின்னால் ஓடியது. தொப்பி அசையவில்லை.

மச்சான் புல்லில் குந்தியிருந்தான்.

"அவன் சொன்னது எனக்கு விளங்கேல்லை மச்சான்" என்றான்.

"தெரியும்."

"பின்னை ஏன் கடையிலையே சொல்லேல்லை?"

"நீ வுய் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறாய். நான் என்னத்தைச் சொல்ல?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"வில்லும் அப்பிடித்தான்" என்றான். "வாங்கேக்கை இடக்கையெண்டு தெரியாது. வீட்டை வந்து இழுத்துப் பாத்தன், அம்பு விழுந்து விழுந்து போச்சு. எறிவமெண்டுதான் நினைச்சன். பேந்துதான் உன்ரை கண் நினைவு வந்தது. உனக்குச் சரிவருமெண்டு நினைச்சன். பொய்யில்லை."

அது இரண்டும் உண்மை என்று எனக்குப் பட்டது. நான் நினைத்த இரண்டில் எது என்று இத்தனை நாளும் யோசித்தேன். இரண்டும்தான். அப்படியும் இருக்கலாம் என்று நான் யோசிக்கவில்லை.

"நல்ல வில்லு" என்றேன்.

மரத்தில் இருந்து அவிழ்த்தேன். நூலை மூன்று தரம் தடவிப் பார்த்தேன். பிளாஸ்ரிக் முன்னால் நிற்கிறதா என்று பார்த்தேன். மச்சானும் குனிந்து பார்த்தான்.

"முன்னாலை நிக்குது" என்றான். பேந்து தானாகவே, "நீயும் ஒருக்காப் பார்" என்றான்.

பார்த்தேன். நின்றது.

தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் இறங்கினேன். குளிர் எலும்புக்குள் போனது. புல்லுக்கு நடுவே ஒரு முதுகு கறுப்பாகப் புரண்டது. இழுத்தேன். நாண் கண்ணுக்கு நேரே வந்தது. அந்த நேரத்தில் கண்ணை மூட வேண்டும் போல இருந்தது. மூடினால் ஒன்றும் தெரியாது. மூடாமல் விட்டேன்.

அம்பு மீனுக்கு மேலால் போய்ச் சேற்றில் குத்தியது. மீன் போய்விட்டது. நூல் எனக்கு முன்னால் நீளமாகக் கிடந்தது. பிடித்து இழுத்து அம்பை எடுத்தேன்.

அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. மச்சானும் தன் அம்பை எடுத்து நூல் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்தான். அவனுடையதில் பிளாஸ்ரிக் இருந்தது. ஒரு வருடமாக அதைப் பார்க்காமலே விட்டிருக்கிறான்.

வளையத்தின் மயிர் அந்த வருடக் கோடைக்குள்ளேயே தேய்ந்து போனது. மீன் அம்பின் கனத்துக்கு அது நிற்காது. அதே கடையில் போய் உருளைத் தாங்கியை வாங்கினேன். அந்தத் தாடிக்காரனைப் பற்றி நான் நினைத்தது பிழை. அன்றைக்கு அவன் சொன்னதைக் கையால் காட்டினேன். பிளாஸ்ரிக், முன்னுக்கு, கண். தலையை ஆட்டினான். நான் வுய் என்று ஒருதரம் சொன்னேன்.

ஆனாலும் இப்போதும் புது நூல் மாற்றினால் முதல் அம்பை நான் விடுகிறதில்லை. மரத்தில் கட்டித்தான் விடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி புளி கரைத்து வைத்திருந்தாள். மச்சான் வாசலில் தொப்பியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மீன் எங்கை?" என்றாள்.

"ஆத்திலை."

என் முகத்தைப் பார்த்தாள்.

"கண்?"

"இருக்கு."

புளியை மூடி வைத்துவிட்டு முட்டை எடுத்தாள்.